நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்: நலமாக இருக்கும்போதே பேச வேண்டிய இறுதிக்காலக் கேள்விகள்

நாட்பட்ட இரத்தப் புற்றுநோயுடன் வாழ்பவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இரு வகைப்படும். இரத்த அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு, மாத்திரையை எந்நேரத்தில் விழுங்குவது, கால் தசை இழுத்துப் பிடிப்பதற்கு என்ன செய்வது என்பவை முதல் வகை. இவை நாற்காலியில் அமர்ந்தவாறு கேட்கப்படுகின்றன. இரண்டாம் வகைக் கேள்விகள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பிறகே, தாழ்ந்த குரலில் வருகின்றன. இன்னும் எத்தனை ஆண்டுகள்? கடைசியில் வலி மிகுதியாக இருக்குமா? நான் இல்லாமற்போனால் பிள்ளைகளின் நிலை என்ன? இவ்விதழில் அந்த இரண்டாம் வகைக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறோம்.

இறப்பைப் பற்றிப் பேசினால் அது விரைந்து வந்துவிடும் என்னும் அச்சம் நம் குடும்பங்களில் ஆழமாக உள்ளது. மருத்துவரே அப்பேச்சை எடுத்தால், கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்வாரும் உளர். நாட்பட்ட இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை உண்மை வேறு. இந்நோய் பேசுவதற்குக் காலம் தருகிறது. மாத்திரை வேலைசெய்து, நோயாளி நடமாடி, தெளிவாகச் சிந்திக்கும் காலத்திலேயே இக்கேள்விகளைப் பேசி முடித்துவிட வேண்டும். பின்னர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றாட வாழ்க்கையைத் தொடர வேண்டும். இதுவே நாங்கள் வலியுறுத்த விரும்புவது. அது ஏன், எவற்றைப் பேசுவது, சட்டம் என்ன சொல்கிறது, இறுதி நாள்களில் வீட்டில் என்ன செய்யலாம் என்பவற்றைக் கீழே விளக்குகிறோம்.

நோயின் இன்றைய நிலை

நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, சி.எம்.எல். எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் உள்ள ஓர் உயிரணுவில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் இது தோன்றுகிறது. அந்த மாற்றத்தால் உருவாகும் ஒரு புரதம், வெள்ளணுக்களைப் பெருகிக்கொண்டே இருக்குமாறு தூண்டுகிறது. மற்றொன்று சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட நிணநீரணு இரத்தப் புற்றுநோய். இது பெரும்பாலும் முதியோருக்கு வருவது. பலருக்கு மருந்தே தொடங்காமல், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதித்துக் கண்காணித்து வருவதே பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருக்கும்.

2001ஆம் ஆண்டுக்கு முன்னர் சி.எம்.எல். நோயாளிகள் பலர் கண்டறியப்பட்ட 4, 5 ஆண்டுகளில் இறந்தனர். அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரை இந்நிலையை மாற்றியது. மேற்சொன்ன புரதத்தைக் குறிவைத்து முடக்கும் மாத்திரை அது. அதனைத் தொடக்கத்திலிருந்தே உட்கொண்டவர்களைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வில், 10 ஆண்டுகளுக்குப் பின் 100 பேரில் ஏறத்தாழ 83 பேர் உயிருடன் இருந்தனர். அம்மாத்திரை போதாமற்போனால் டாசாட்டினிப், நிலோட்டினிப் போன்ற அடுத்த தலைமுறை மாத்திரைகளும் இன்று உள்ளன. நோய் ஆழ்ந்து அடங்கிய சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், கடுமையான கண்காணிப்புடன் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் இயல்கிறது. இது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. நோயாளி தாமாக நிறுத்திவிடலாகாது.

இம்மாத்திரை எளிய குடும்பங்களுக்கு எட்டியதில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. இமாட்டினிபின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது. அதனைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் தொடர்புடைய பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கை, உயர்நீதிமன்றச் சாலையிலுள்ள நம் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அக்காலத்தில் அந்நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலை குறிப்பிடப்பட்டது; உள்நாட்டில் தயாரான அதே மருந்து 10,000 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. உள்நாட்டுத் தயாரிப்பு தடையின்றித் தொடர்ந்ததால், இராயபுரத்திலும் எண்ணூரிலும் தினக்கூலிக்கு உழைப்பவரும் இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ள முடிகிறது.

ஆதலால் முதற்கேள்விக்கான விடை நம்பிக்கையளிப்பதே. மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, பரிசோதனைக்கு வந்துகொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்நோயுடன் நெடுநாள் வாழ்கின்றனர். பலரது இறப்பு இந்நோயால் அன்றி, முதுமையினாலோ வேறு நோயினாலோ நேரும்.

அப்படியாயின் ஏன் இப்போதே பேச வேண்டும்?

காரணங்கள் மூன்று.

முதலாவது, நோய் திரும்பும்போது விரைவாகத் திரும்பக்கூடும். மேற்சொன்ன ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்கு நோய் முற்றிய நிலைக்குச் சென்றது. சி.எம்.எல். முற்றும்போது முதிராத இளம் புற்றணுக்கள் இரத்தத்தில் நிறைகின்றன. இதனைப் பிளாஸ்ட் நிலை என்கிறோம். பல ஆண்டுகள் அமைதியாக இருந்த நோய் சில வாரங்களில் காய்ச்சலாகவும் இரத்தக்கசிவாகவும் கடும் சோர்வாகவும் வெளிப்படும். அந்நிலையில் கடும் வேதிச்சிகிச்சையும், தகுந்த கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றும் முயலப்படுகின்றன. சிலர் மீள்கின்றனர், பலருக்கு எஞ்சிய காலம் மாதங்களில் எண்ணப்படுவதாகிறது. சி.எல்.எல். நோயிலும், நோய்த்தொற்றோ, வேறு கடும் வகையாக நோய் உருமாறுவதோ நிலைமையைத் திடீரென மாற்றக்கூடும். காய்ச்சலில் மயங்கிக் கிடப்பவரிடம், செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா என்று கேட்டு விடைபெற இயலாது.

இரண்டாவது, நம் நாட்டு நோயாளிகள் இளையவர்கள். மேலை நாடுகளில் சி.எம்.எல். பெரும்பாலும் 60 வயதையொட்டிக் கண்டறியப்படுகிறது. இந்தியாவிலோ நோயாளிகள் பலர் 30, 40 வயதினர். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகளும், மருந்துக்கு மகனை நம்பியிருக்கும் முதிய பெற்றோரும் இருப்பர். ஈட்டுபவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே என்னும் குடும்பத்தில், அவர் பேச இயலாமற்போகும் நாளில் எவருக்கும் எதுவும் தெரியாமற்போகிறது.

மூன்றாவது, பேசாமல் விடப்படும் அச்சம் குறைவதில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் அது வளர்ந்து வருகிறது. சிலர் முடிவை அறிய அஞ்சியே பரிசோதனைக்கு வராமல் விடுகின்றனர். நோய் முற்றுவதற்கு அதுவே வழியாகிவிடுகிறது. கேள்வியை வாய்விட்டுக் கேட்டு விடைபெற்றவர்கள் மாத்திரையையும் பரிசோதனையையும் அச்சமின்றித் தொடர்வதை நாங்கள் காண்கிறோம்.

நோயுள்ள ஆண்டுகளைத் தம் வேலையை முடிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் பாலஸ்தீனத்தில் பிறந்த அறிஞர் எட்வர்ட் சயித் ஒருவர். 1991இல் அவருக்குச் சி.எல்.எல். கண்டறியப்பட்டது. சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1994இல், தம் இளமைக்கால நினைவுகளை எழுதத் தொடங்கினார். அந்நூல் 1999இல் வெளிவந்தது. அவருக்கு மருத்துவம் பார்த்த காந்தி ராய் இராஜஸ்தானத்தின் ஜோத்பூரில் பிறந்தவர்; சி.எல்.எல். நோயின் படிநிலைகளை 1975இல் அவர் வகுத்த முறையே இன்றும் எங்கள் மருத்துவக் குறிப்பேடுகளில் இடம்பெறுகிறது. நோய் கண்ட பின் சயித் 12 ஆண்டுகள் வாழ்ந்து 2003 செப்டம்பரில் மறைந்தார். இறப்பு உறுதி என அறிந்ததனால் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எதை முதலில் எழுதுவது என்பதை அந்த அறிவு தீர்மானித்தது. நூல் எழுதாத நமக்கும் முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. வீட்டுப் பத்திரம், மகளின் படிப்பு, பேசாமல் விட்ட அண்ணன் தம்பி உறவு என அவை வெவ்வேறாக இருக்கலாம்.

பேச வேண்டியவை ஐந்து

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பல நாள்களில் பேசலாம்.

ஒன்று: நான் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறேன்? சிலர் ஒவ்வோர் எண்ணையும் அறிய விரும்புவர். சிலர், மோசமான செய்தியை மனைவியிடம் சொல்லுங்கள், எனக்குத் தேவையானதை மட்டும் அவள் சொல்லட்டும் என்பர். இரண்டும் ஏற்கத்தக்கவையே. எது உங்கள் விருப்பம் என்பதை எங்களிடம் முன்னரே கூறிவிட்டால், அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.

இரண்டு: என்னால் பேச இயலாதபோது எனக்காக யார் பேசுவது? மூத்த மகன் என்பதனாலேயே அப்பொறுப்பு அவருக்கு உரியதாகிவிடாது. உங்கள் மனத்தை அறிந்தவரும், நெருக்கடியில் கலங்காதவரும், மற்ற உறவினரிடம் உங்கள் விருப்பத்தை எடுத்துச் சொல்லத் துணிவுள்ளவரும் அதற்கு ஏற்றவர். இருவரைக் குறிப்பிடுவது நல்லது. காசிமேட்டிலிருந்து விசைப்படகில் செல்பவர் பல நாள் கடலில் இருப்பார். கப்பலிலோ வெளிநாட்டிலோ பணிபுரிபவரை உடனே அழைக்க இயலாது. ஒருவர் கிடைக்காதபோது மற்றவர் இருக்க வேண்டும்.

மூன்று: எந்தச் சிகிச்சையை எதுவரை ஏற்பேன்? இரத்தப் புற்றுநோயில் இக்கேள்வி பிற புற்றுநோய்களினின்று சற்று வேறானது. நோய் முற்றிய நிலையில் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அடிக்கடி ஏற்ற வேண்டிவரும். ஒவ்வோர் ஏற்றுதலும் சில நாள் தெம்பைத் தரும். அதே வேளையில் வாரத்திற்கு இருமுறை, மும்முறை மருத்துவமனைக்கு வரச் செய்யும். மூச்சுத் திணறலும் களைப்பும் குறைவது வரை ஏற்றிக்கொள்வேன், வந்துபோவதே பெருந்துன்பம் ஆகும்போது நிறுத்திவிடுங்கள் என்று ஒருவர் கூறலாம். பேரன் பிறக்கும் வரை எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று மற்றொருவர் கூறலாம். இதயம் நின்றால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயல்வது, செயற்கைச் சுவாசம், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவையும் இவ்வாறே பேசத்தக்கவை. நோய் கட்டுக்குள் இருக்கும்போது வரும் நிமோனியாவுக்கு இச்சிகிச்சைகள் உயிர்காப்பவை. எல்லா மருந்தும் பயனற்றுப்போன பின்னரோ, அவை இறப்பைச் சில நாள் தள்ளிவைப்பதோடு நின்றுவிடக்கூடும். இவ்விரு நிலைகளையும் பிரித்துப் பேசுங்கள். எந்தக் கருவியும் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள்.

நான்கு: இறுதி நாள்களில் எங்கே இருக்க விரும்புகிறேன்? வீட்டிலா, மருத்துவமனையிலா, சொந்த ஊரிலா? ஓரறை வீட்டில், பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் உள்ள குடியிருப்பில் வாழ்பவர் தயங்குவது இயற்கை. மணலியை அடுத்த மாத்தூரில் உள்ள ஜீவோதயா போன்ற இல்லங்கள், முற்றிய புற்றுநோய் உள்ளவர்களை இறுதிவரை பராமரிப்பதற்கென்றே நடத்தப்படுகின்றன. அவ்விடத்தை நாடுவது பெற்றோரைக் கைவிடுவதாகாது.

ஐந்து: எதை முடித்து வைக்க வேண்டும்? வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றில் வாரிசு நியமனம் சரியாக உள்ளதா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்து, பின்னர் மாற்றாமல் விட்டவர்கள் பலர். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்குப் புற்றுநோய், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் தரும் நோய்களுள் ஒன்று. தகுதியுடையோருக்கு 2 ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை நடப்பில் உள்ளதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கண் கொடையைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் கண்களைக் கண் வங்கிகள் மாற்று அறுவைக்கு ஏற்பதில்லை. இதனை முன்னரே அறிந்திருந்தால் அந்நேரத்தில் ஏமாற்றம் நேராது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று தயங்குபவர்கள் இவ்வாறு கேட்டுப் பார்க்கலாம்: "அப்பா, நீங்க இப்ப நல்லா இருக்கீங்க. நல்லா இருக்கும்போதே ஒண்ணு கேட்டு வெச்சுக்கறேன். ஒருநாள் உங்களால பேச முடியாமப் போனா, டாக்டர்கிட்ட நாங்க என்ன சொல்லணும்?" அன்றே விடை கிடைக்காமற்போகலாம். கேள்வி அவர் மனத்தில் தங்கியிருக்கும். பின்னர் ஒருநாள் அவரே அதனைப் பற்றிப் பேசக்கூடும்.

நோயாளியிடம் மறைப்பது பற்றி

"நைனாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க டாக்டர், பயந்துடுவாரு." நோய் முற்றியது தெரிந்தவுடன் குடும்பத்தினர் எங்களிடம் முதலில் வைக்கும் வேண்டுகோள் பெரும்பாலும் இதுவே. இது அன்பினால் வருவது; அதனை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். பல ஆண்டுகளாகத் தம் கோப்பைத் தாமே சுமந்து வந்து, தம் இரத்த எண்ணிக்கையைத் தாமே படித்தறிந்த ஒருவரிடம் இதனை மறைப்பது எளிதன்று. மாத்திரை மாறியதும், வருகைகள் கூடியதும், பிள்ளைகளின் முகம் வாடியதும் அவருக்குத் தெரியும். அவரும் நீங்கள் வருந்துவீர்கள் என்று தம் அச்சத்தை மறைக்கிறார். ஒரே அறையில் இரு தரப்பும் தனித்தனியே துயருறும் நிலை உருவாகிறது.

எதையும் வலிந்து திணிக்க மாட்டோம். "உங்கள் உடல்நிலையைப் பற்றி என்ன எண்ணுகிறீர்கள்? மேலும் அறிய விரும்புகிறீர்களா?" என்று முதலில் அவரிடமே கேட்போம். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவோம். அறிய விரும்பினால், அவர் தாங்கும் அளவுக்கு, குடும்பத்தார் அருகில் இருக்கச் சொல்வோம்.

சட்டம் தரும் வழி

செயற்கை முறையில் உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை மறுத்து, கண்ணியமாக இறக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. காமன் காஸ் என்னும் அமைப்பு தொடுத்த வழக்கு அது. செய்தித்தாள்கள் லிவிங் வில் என்று எழுதும் முன்விருப்ப மருத்துவ ஆவணத்துக்கு அத்தீர்ப்பே வழிவகுத்தது. முதலில் வகுக்கப்பட்ட நடைமுறை கடினமாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் அதனை எளிமையாக்கியது.

இப்போதைய நடைமுறையின் சாரம் இது. 18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையுள்ள எவரும் தம் விருப்பத்தால் இதனை எழுதலாம். இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி வழக்கறிஞரிடமோ கெசட் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். முன்னர் வேண்டியிருந்தது போல் நீதித்துறை நடுவரின் ஒப்பம் இப்போது தேவையில்லை. தம் சார்பில் முடிவெடுக்கும் பாதுகாவலர்களாக ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிப்பிடலாம். ஆவணத்தின் படிகளை அவர்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்துவைக்கலாம். உள்ளாட்சி அமைப்பின் உரிய அலுவலரிடம் ஒப்படைக்கவும் வழி உள்ளது. எப்போது வேண்டுமாயினும் எழுத்துமூலம் மாற்றலாம், நீக்கலாம்.

அவ்வாவணம் தானாகச் செயற்படுவதில்லை. நோயாளி தாமே பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லே முதன்மையானது. அவரால் முடிவெடுக்க இயலாமற்போய், நோயும் மீள இயலாத நிலையை அடைந்த பின்னரே ஆவணம் கருதப்படும். அப்போதும் சிகிச்சையளிக்கும் மருத்துவரும் 2 வல்லுநர்களும் அடங்கிய முதல்நிலை மருத்துவக் குழுவும், அதன்பின் இரண்டாம்நிலைக் குழுவும் ஆராய்ந்து, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் தத்தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆவணம் எழுதாதவர்களின் குடும்பத்தினருக்கும் இக்குழுக்களின் வழி முடிவெடுக்க இடமுண்டு. உயிரைப் போக்குவதற்கென ஊசி போடுவது இந்தியாவில் குற்றமே. இத்தீர்ப்பு அதற்கு இடமளிக்கவில்லை. சிகிச்சை நிறுத்தப்பட்டாலும் வலி நீக்கும் மருந்தும் பராமரிப்பும் ஒருபோதும் நிறுத்தப்படுவதில்லை.

ஆவணம் எழுத விருப்பமில்லாதவர்கள் மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கான விடைகளைக் குடும்பத்தாருடன் பேசி, எங்கள் குறிப்பேட்டில் பதியச் செய்தாலும் பெரும்பயன் உண்டு. நெருக்கடியில் உறவினரிடையே எழும் பூசலை அது பெரிதும் தவிர்க்கும்.

இறுதி நாள்களில் வீட்டில் பராமரிப்பு

வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை, மற்றெல்லாம் முடிந்த பின் தொடங்குவது அன்று. புற்றுநோய்ச் சிகிச்சையுடன் சேர்த்தே அதனைத் தொடங்கலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் உள்ளவர்களுக்கு இச்சேவையை வீட்டிற்கே வந்து அளிப்பதும் அடங்கும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

வலி: கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. மருத்துவர் குறித்த அளவில், குறித்த நேரத்தில் வலிக்காக உட்கொள்பவர் அதற்கு அடிமையாகிவிடுவதில்லை. அது உயிரை விரைந்து போக்குவதும் இல்லை. மலச்சிக்கல் உறுதியாக வரும். ஆகையால் மலமிளக்கியையும் சேர்த்தே தருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டதனால், ஏற்பு பெற்ற மருத்துவ நிறுவனங்களில் இம்மருந்தைப் பெறுவது முன்னைவிட எளிதாகியுள்ளது. தட்டணுக்கள் குறைந்துள்ளவருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கித் தராதீர்கள். அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

இரத்தக்கசிவு: குடும்பத்தினர் மிகவும் அஞ்சுவது இதற்கே. மூக்கிலும் ஈறிலும் கசிவது பொதுவாகக் காணப்படுவது. மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, தலையை முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால், அல்லது ஈரத்துணியால் வாயைத் துடைக்கலாம். அடர்நிறத் துண்டுகளையும் போர்வையையும் அருகில் வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் சிறிதளவு இரத்தமும் மிகுதியாகத் தோன்றி நோயாளியை அச்சுறுத்தும்.

காய்ச்சல்: சிகிச்சையில் உள்ள எந்நோயாளிக்கும் காய்ச்சல் அவசர நிலையே, இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். வீட்டிலேயே இருப்பது என்று முன்னரே முடிவெடுத்த இறுதி வாரங்களில் மட்டும், காய்ச்சலுக்கு என்ன செய்வது என்பதை எங்களுடன் பேசி எழுதிவைத்துக்கொள்ளலாம்.

உணவு: உடல் ஓயும்போது பசி குறைவது இயற்கை. உண்ணாததால் அவர் இறக்கவில்லை. இறப்பு நெருங்குவதால் உண்ணவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று திணறல் உண்டாகும். கேட்டால் ஒரு வாய் கொடுங்கள். வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்திருங்கள்.

கடைசிப் பால்: உயிர் பிரியும் வேளையில் உறவினர் ஒவ்வொருவரும் வாயில் பால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விழுங்க இயலாதவர் வாயில் ஊற்றப்படும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். வழக்கத்தை விட வேண்டியதில்லை. அவரைச் சற்று ஒருக்களித்துப் படுக்க வைத்து, பஞ்சில் நனைத்த பாலை உதட்டில் தொட்டு வைத்தாலே போதும். துளசி நீருக்கும் சம்சம் நீருக்கும் இதுவே பொருந்தும். கிறிஸ்தவ அன்பர்கள் பங்குத்தந்தையை அழைத்து நோயில்பூசுதல் பெற விரும்பினால், நோயாளி நினைவுடன் இருக்கும்போதே பெறுவது நிறைவைத் தரும். மருத்துவமனையில் இருந்தாலும் இவற்றுக்கு நேரமும் இடமும் ஒதுக்கித் தருவோம். செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இறுதி மணிகளில் மூச்சு விட்டுவிட்டு வரும்; தொண்டையில் கரகரப்பு ஒலிக்கும்; கைகால்கள் குளிரும். இவை காண்பவருக்குத் துயரம் தருவனவாயினும், பெரும்பாலும் நினைவிழந்த நிலையில் இருக்கும் நோயாளிக்குத் துன்பம் தருவன அல்ல. செவிப்புலன் நீடிக்கக்கூடும் என்பதால் அருகில் அமர்ந்து பேசுங்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால், சிகிச்சையளித்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று பெற்று, 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அச்சான்றை யார் தருவார் என்பதையும் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பவர்களுக்கு

இரவு விழித்து, பகலில் வேலைக்குச் சென்று, நோயாளிமுன் முகமலர்ச்சி காட்டும் மனைவியரும் மகள்களும் மருமகள்களும் தம் உடலைப் பார்த்துக்கொள்வதில்லை. வாரத்தில் ஒருநாளேனும் வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு உறங்குங்கள். உங்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை விட்டுவிடாதீர்கள். "போதும், இனி அவருக்குக் கஷ்டம் வேண்டாம்" என்னும் எண்ணம் உங்களுக்கு வந்தால், அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம், எங்களிடம் கூறுங்கள்.

இவ்விதழைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இன்றிரவும் உணவுக்குப் பின் ஒரு குவளை நீருடன் மாத்திரையை விழுங்கிவிட்டு, நாளை வழக்கம்போல் வேலைக்குச் செல்லப் போகிறவர்கள். அவ்வாறே பல ஆண்டுகள் செல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும் முயற்சியும். அடுத்த வருகைக்கு முன் இரண்டு பெயர்களை மட்டும் எண்ணி வாருங்கள்: உங்களால் பேச இயலாத நாளில் உங்களுக்காகப் பேசக்கூடிய இருவரின் பெயர்கள். இயலுமாயின் அவர்களுள் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். அன்று இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபின், இப்பேச்சுக்கென்று கால் மணி நேரம் ஒதுக்கி வைப்போம்.